அலைமேல் துடுப்பு: ஸ்டாண்ட்-அப் போர்டில் அலை பிடிக்கக் கற்பவர்களுக்கு

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டு உப்பங்கழியில் ஸ்டாண்ட்-அப் பேடில் போர்டில் நின்று விழாமல் ஒரு சுற்று வந்துவிட்டீர்கள். அடுத்தது கோவளம் கடல்தான் என்று மனசு சொல்லும். சொல்லட்டும். ஆனால் கழியில் கற்ற துடுப்புப் பழக்கத்தில் பாதியை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். கழியில் துடுப்புக்கு ஒரே வேலை, முன்னே தள்ளுவது. அலையில் அது தள்ளவும் வேண்டும், திருப்பவும் வேண்டும், தடுமாறும்போது உங்களைத் தாங்கவும் வேண்டும். அலை வேகம் கொடுத்த பிறகு தள்ளுகிற வேலை அநேகமாக முடிந்துவிடும். மற்றவை அப்போதுதான் ஆரம்பிக்கும்.

புதிதாக வருகிற எல்லோரும் ஒரு காரியம் செய்வார்கள். போர்டை அலை தூக்கியதும் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து, கழைக்கூத்தாடி கம்பு பிடிப்பதுபோல நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொள்வார்கள். காற்றில் இருக்கிற துடுப்பை எதில் ஊன்றுவது? ஆகவே கீழே எந்தப் படியில் சந்தேகம் வந்தாலும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: பிளேடு, அதாவது துடுப்பின் தட்டையான முனை, தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நீச்சல் தெரியாதவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடலில் இறங்க வேண்டாம். கழியில் போதும். நீச்சல் தெரிந்தவர்களும் முதல் சில முறை சர்ஃப் பள்ளிப் பயிற்சியாளர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

இடமும் நேரமும்

மெரினாவும் பெசன்ட் நகரும் இதற்கு ஆகாது. அங்கே இழுவை அதிகம், கரையோரமே சட்டென்று ஆழம் இறங்கும், போலீஸும் குளிக்க விடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் போனால் கோவளம். அதற்கும் தெற்கே மாமல்லபுரம். இரண்டு ஊரிலும் சர்ஃப் பள்ளிகள் இருக்கின்றன, அலையை அறிந்த மீனவ இளைஞர்கள் பலர் அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். கோவளத்தில் நீலக்கொடி (சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குத் தரும் சர்வதேசச் சான்று) பெற்ற குளிக்கும் பகுதி தனியாக இருக்கிறது. போர்டோடு அந்தப் பக்கம் போகாதீர்கள், அது குடும்பங்கள் குளிக்கும் இடம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். கடல் கலங்கி, காற்று கண்டபடி வீசும், புயல்சின்னமும் வரும். கற்றுக்கொள்ளும் காலம் அது இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரை கடல் ஓரளவு அடங்கியிருக்கும். இடுப்பளவுக்கும் குறைந்த அலையில் தொடங்க நல்ல நேரம். கோடையிலிருந்து செப்டம்பர் வரை இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் அலைகள் நம் கரைக்கு வந்து சேரும். சர்ஃபர்களுக்கு அதுதான் பருவம்.

எந்த மாதமானாலும் காலை ஆறு மணிக்கே தண்ணீரில் இருங்கள். வெயில் ஏறி, பகலில் கடற்காற்று எழும்பிவிட்டால் தண்ணீரின் மேல்பரப்பு முழுக்கச் சிற்றலையாகிவிடும். நின்றுகொண்டு செய்கிற விளையாட்டுக்கு அது பெரிய தொல்லை. ஆனால் காலைக் காற்றிலும் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும் அந்தக் காற்று அலையைச் சீராக்கும், பார்க்க அழகாக இருக்கும், கூடவே நிற்கிற உங்கள் உடம்பைப் பாய்மரமாக்கிக் கடலுக்குள் தள்ளிக்கொண்டும் போகும். தூரமாகிவிட்டோம் என்று தோன்றினால் உடனே முட்டி போட்டு உட்காருங்கள். அதுவும் போதவில்லை என்றால் குப்புறப் படுத்து, துடுப்பை நெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டு கைகளால் தள்ளிக் கரைக்கு வாருங்கள்.

துடுப்பும் போர்டும்

கழிக்கு உங்கள் உயரத்தைவிட எட்டுப் பத்து அங்குலம் நீளமான துடுப்பு சரி. அலைக்கு அது நீளம். அலைமேல் முட்டி மடக்கித் தாழ்ந்து நிற்பீர்கள், நீளத் துடுப்பின் கைப்பிடி அப்போது முகத்துக்கு நேரே வந்து இடிக்கும். உயரத்துக்கு மேல் மூன்று நான்கு அங்குலம் போதும். நீளம் மாற்றக்கூடிய துடுப்பு இருந்தால் முதலில் சற்று நீளமாக வைத்து, பிறகு குறைத்துக்கொண்டே வரலாம். பிளேடும் சிறியதாக இருக்கட்டும். பெரிய பிளேடு ஒவ்வொரு இழுப்பிலும் தோளைப் பிடுங்கும். அலைக்கு வேண்டியது சின்னச் சின்னதாக வேகமான இழுப்புகள்.

போர்டு பத்தடிக்கு ஒட்டி, 32 அங்குல அகலத்தில் இருந்தால் புதியவர்களைத் தாங்கும். எழுபது கிலோ ஆளுக்கு 140 லிட்டர் வாக்கில் மிதப்பு இருக்கலாம். குட்டையான, ஒல்லியான போர்டைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், நிற்கவே தடுமாறினால் துடுப்பு கற்பது எப்படி? போர்டையும் காலையும் இணைக்கும் கயிறான லீஷ் கட்டாயம். சுருள் லீஷ் கழிக்கானது, அலையில் போர்டைத் திரும்பி உங்கள் மேலேயே வீசும். போர்டின் நீளத்துக்குச் சமமான நேர் லீஷைப் பின்காலின் கணுக்காலில் கட்டுங்கள். மிதவைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள், கையைத் தடுக்காத மெல்லிய வகை கிடைக்கிறது.

பிடியும் நிலையும்

துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கிக் கிடையாகப் பிடியுங்கள். ஒரு கை மேல்கைப்பிடியில், மற்றது தண்டில். இரண்டு முழங்கையும் செங்குத்தாக மடங்கியிருந்தால் அதுதான் உங்கள் பிடி. தண்டில் அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். பிளேடு தண்டிலிருந்து பத்து டிகிரி அளவுக்கு வளைந்திருக்கும். அந்தச் சாய்வு உங்களை விட்டு விலகி, போர்டின் மூக்குப் பக்கம் போக வேண்டும். பார்ப்பதற்குத் தப்பாகத் தெரியும். கரண்டியால் அள்ளுவதற்குத் தோதாகப் பின்பக்கம் திருப்பிப் பிடிப்பவர்கள் கோவளத்தில் தினமும் இரண்டு பேராவது இருப்பார்கள்.

கால்கள் கழியில் இருப்பதுபோல் இணையாக இருந்தால், பக்கவாட்டில் சமாளிக்கலாம், முன்னாலிருந்து அலை இடித்தால் சமாளிக்க முடியாது. அதனால் உடைந்து வரும் அலையின் நுரைக்குள் போகும்போதே ஒரு காலை அரையடி பின்னால் வையுங்கள். பாதங்கள் இன்னும் மூக்கைப் பார்த்தபடி, ஆனால் ஒன்று முன்னே ஒன்று பின்னே. அலை பிடித்த பிறகு பின்காலை இன்னும் பின்னால் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வீர்கள். எது பின்கால் என்று தெரியாதவர்களை யாராவது பின்னாலிருந்து லேசாகத் தள்ளட்டும். சட்டென்று முன்னே போகிற கால்தான் உங்கள் முன்கால்.

நுரையைத் தாண்டுவது

சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன், கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். மசூலாப் படகும் கட்டுமரமும்தான் அலை உடையும் இடத்தைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தன. ஹவாயின் வைகிகி கடற்கரையில் சர்ஃபிங் சொல்லிக்கொடுத்தவர்கள் நின்றபடி துடுப்பு போட்டு அலை ஏறியதிலிருந்து கிளைத்த இந்த விளையாட்டு நம் ஊருக்குப் புதிது. துடுப்போடு அலையைக் கடப்பது புதிதல்ல. அந்தப் படகோட்டிகள் செய்ததைத்தான் நீங்களும் செய்ய வேண்டும்: கரையில் நின்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்ச நேரம் கடல் அடங்கும். பத்து நிமிடம் பார்த்தாலே அந்த இடைவெளி பிடிபடும். அதில் போங்கள்.

இடுப்பளவுத் தண்ணீர் வரை போர்டைப் பக்கத்தில் நடத்திக்கொண்டு போய், முட்டி போட்டு ஏறி, நுரை குறைந்த இடத்தில் எழுந்து நில்லுங்கள். நுரை வரும்போது மூன்று விஷயம். ஒன்று, போர்டின் மூக்கு அலைக்கு நேரே இருக்க வேண்டும், கொஞ்சம் கோணினாலும் புரட்டிவிடும். இரண்டு, அலை தொடுவதற்கு முந்தின கணம் வரை வேகத்தை விடக்கூடாது. புதியவர்கள் நுரையைப் பார்த்ததும் துடுப்பு போடுவதை நிறுத்துவார்கள். நின்ற போர்டை அலை கரைக்கே திருப்பி அனுப்பிவிடும். மூன்று, நுரை மூக்கைத் தொடும்போது முட்டியை மடக்கிப் பின்காலில் கொஞ்சம் பாரம் கொடுத்து மூக்கை லேசாகத் தூக்குங்கள். மூக்கு ஏறியதும் துடுப்பை நீட்டி, நுரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தண்ணீரில் பிளேடை முழுக்கப் புதைத்து இழுங்கள். நுரையில் குத்தினால் பிளேடுக்குப் பிடிப்பு கிடைக்காது, வெறும் காற்றுக்குமிழிதான். அந்த ஒரு இழுப்பு உங்களைத் தாண்டவும் வைக்கும், தடுமாறாமல் நிறுத்தவும் செய்யும்.

அலை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் போட்டுக் கட்டிய தூண்டில் வளைவுகள் இருக்கிற கரையில் கல்லை ஒட்டி நீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும். அனுபவசாலிகள் அதைச் சுலபமாக வெளியே போகும் வழியாக வைத்துக்கொள்வார்கள். நீங்கள் கல்லிலிருந்து தள்ளியே இருங்கள். இழுவையில் மாட்டினால் அதற்கு எதிராகத் துடுப்பு போட்டுக் களைக்காமல், கரைக்கு இணையாகப் போய் இழுவையை விட்டு விலகி, அப்புறம் கரைக்குத் திரும்புங்கள்.

திரும்பி நிற்பது

வெளியே வந்ததும், அலை உடையும் இடத்துக்குச் சற்று அப்பால் நில்லுங்கள். கண் தொடுவானத்தில் இருக்கட்டும். துடுப்பைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றால் விழுவீர்கள். பிளேடைப் பக்கத்தில் தண்ணீருக்குள் வைத்து முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிக்கொண்டே இருங்கள், போர்டு அடங்கி நிற்கும்.

அலை வருவது தெரிந்ததும் கரையைப் பார்த்துத் திரும்ப வேண்டும். பத்தடி போர்டைத் தட்டையாக வைத்துத் திருப்பினால் அதற்குள் அலை போய்விடும். ஒரு காலைப் பின்னால் வைத்து மூக்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, பிளேடை மூக்குப் பக்கத்திலிருந்து தொடங்கிப் பக்கவாட்டில் அகலமான அரைவட்டமாக வால் வரைக்கும் இழுங்கள். இடப்பக்கம் இப்படி இழுத்தால் மூக்கு வலப்பக்கம் திரும்பும். இன்னும் சீக்கிரம் திரும்ப வேண்டுமா, திரும்புகிற பக்கத்திலேயே பிளேடை வாலிலிருந்து மூக்கை நோக்கித் தள்ளுங்கள். இது இரண்டையும் கழியிலேயே, தலை சுற்றும் வரை பழகிவிட்டு வருவது உத்தமம். கடலில் பழக இடமும் கிடைக்காது, நேரமும் கிடைக்காது.

அலை பிடிப்பது

நிறைய பேர் அலையைத் தவறவிடக் காரணம் பலம் போதாதது இல்லை, தாமதமாகத் தொடங்குவதுதான். அலை மூன்று நான்கு போர்டு நீளத் தூரத்தில் இருக்கும்போதே தொடங்குங்கள். முதல் இரண்டு இழுப்பு நீளமாக, போர்டு நகர ஆரம்பிக்கட்டும். அப்புறம் குட்டையாக, வேகமாக. பிளேடை முன்னே நட்டு, முழுக்க மூழ்கிய பிறகே இழுத்து, பாதத்துக்குப் பக்கத்தில் வந்ததும் எடுத்துவிடுங்கள். பாதத்தைத் தாண்டி இழுப்பது வாலைக் கீழே அழுத்தி வேகத்தைத் தின்னும். கையால் மட்டும் இழுக்காதீர்கள். மேல்கை கீழே அழுத்த, இடுப்பும் தோளும் திரும்ப வேண்டும். அடிக்கடி தோளுக்கு மேலாகத் திரும்பிப் பாருங்கள், அலை எங்கே செங்குத்தாகிறது என்று தெரிய வேண்டுமே.

இனி திசை. நம் கரை கிழக்கைப் பார்த்தது. தெற்கிலிருந்து வரும் அலை பெரும்பாலும் தெற்கில் உடையத் தொடங்கி வடக்கே விரிந்துகொண்டு போகும். கரையைப் பார்த்து நிற்கிற உங்களுக்கு அது வலப்பக்கம். கோவளத்தின் பெயர்பெற்ற அலையும் வலப்பக்கம் ஓடுவதுதான். அதனால் இடப்பக்கம் துடுப்பு போட்டால் மூக்கு தானாகவே வலப்பக்கம் சாயும், நேரே கீழே விழாமல் அலையோடு சாய்வாக இறங்குவீர்கள். முதல் சில வாரம் இந்தச் சாய்வு வேண்டாம், நேராகக் கரைக்கே போங்கள். அதற்கு தண்டைச் செங்குத்தாகப் பிடித்து, போர்டை ஒட்டியே இழுக்க வேண்டும். தண்டு சாயச் சாய மூக்கு திரும்பும்.

வால் தூக்குவது காலுக்குத் தெரியும். அந்த நேரத்தில் பாரத்தைக் கொஞ்சம் முன்காலுக்குக் கொண்டுவந்து, இன்னும் இரண்டு இழுப்பு. பிடித்துவிட்டோம் என்று தோன்றிய பிறகும் அந்த இரண்டைப் போட வேண்டும். தோன்றியவுடன் நிறுத்துபவர்களை விட்டுவிட்டு அலை அடியில் நழுவிப் போய்விடும். போர்டு தானாகச் சறுக்க ஆரம்பித்ததும் பின்காலைப் பின்னே எடுத்து வைத்து முட்டியை மடக்குங்கள். இதில் தாமதித்தால் மூக்கு தண்ணீரில் குத்தி உங்களை முன்னால் வீசும். சீக்கிரம் செய்தால் போர்டு நின்றுவிடும். இந்த நேரக்கணக்கை எழுத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது, நுரை அலையில் பலமுறை விழுந்துதான் வரும்.

அலைமேல் துடுப்பு

முதலில் நேராகப் போகும்போது, பிளேடைப் பின்னால் ஒரு பக்கம் தண்ணீரில் லேசாகத் தட்டையாக உரசவிட்டுக்கொண்டே வாருங்கள். அழுத்த வேண்டாம். உரசுவதே பெரிய தைரியம் தரும். அது பழகியதும் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள், அழுத்திய பக்கம் போர்டு திரும்பும். ஆனால் இப்படி அழுத்தித் திருப்புவது பிரேக் போட்டுத் திருப்புவதுதான். வேகம் போகும், வேகம் போனால் அலையும் போகும். ஆகையால் அதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். திருப்புவது கால், துடுப்பு ஊன்றுகோல்.

இடக்கால் முன்னே வைப்பவர் வலப்பக்கம் ஓடும் அலையில் போனால், அலைச்சுவர் அவர் முகத்துக்கு நேரே இருக்கும். துடுப்பும் அந்த வலப்பக்கமே இருக்க வேண்டும். அலை பிடிக்க இடப்பக்கம் போட்டிருப்பார் என்பதால் உடனே கை மாற்ற வேண்டும். மேல்கையும் கீழ்கையும் இடம் மாறும் அந்த வேலையைத் தரையில் நின்று கண் மூடிச் செய்யும் அளவுக்குப் பழகுங்கள். அலை அடியில் வந்து திரும்பும்போது போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். முட்டியை நன்றாக மடக்குங்கள். மேல்கையை நெஞ்சுக்குக் கீழே இறக்குங்கள். இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். மேல்கை உயரத்தில் இருந்தால் பிளேடு ஆழமாகப் போய்ச் சிக்கும், இறங்கினால் பிளேடு தள்ளி நீண்டு தண்ணீர்மேல் படுக்கும். அந்தப் படுத்த பிளேடின் மேல் உடம்பைச் சாய்த்துத் திரும்பலாம். பிளேடின் முன்விளிம்பு மட்டும் சற்றுத் தூக்கியே இருக்கட்டும். அது கீழே தாழ்ந்தால் துடுப்பு சரேலென்று மூழ்கி உங்களையும் கூட இழுத்துக்கொண்டு போகும்.

வலக்கால் முன்னே வைப்பவர்களுக்கு அதே அலை முதுகுப்பக்கம் வரும். துடுப்பைக் குதிகால் பக்கம் ஊன்ற வேண்டும், கஷ்டம்தான். சின்ன அலையில் அதிக நாள் செலவழியுங்கள்.

அலை நடுவில் தளர்ந்து தட்டையானால் சாதா சர்ஃபர் அதோடு சரி. உங்களிடம் துடுப்பு இருக்கிறது. பாரத்தை முன்னே கொண்டுவந்து இரண்டு குட்டை இழுப்பு போட்டால் அடுத்த செங்குத்தான பகுதிக்குப் போய்விடலாம். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்தது இதுதான்.

விழுவது, வழிவிடுவது

விழும்போது போர்டிலிருந்து விலகி, கடல் பக்கமாக, தட்டையாக விழுங்கள். தலைகீழாகப் பாயக் கூடாது, அடியில் மணல்மேடு முழங்கால் ஆழத்தில் இருக்கலாம். துடுப்பை ஒரு கையால் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருங்கள். மேலே வரும்போது மற்றொரு கை தலைக்கு மேல். துடுப்பு கைவிட்டுப் போனால் முதலில் போர்டைப் பிடியுங்கள், ஏறிப் படுத்துக் கையால் நீந்திப் போய்த் துடுப்பை எடுங்கள். துடுப்பும் மிதக்கும், ஆனால் உங்களைத் தாங்காது.

போர்டும் லீஷும் சேர்ந்தால் இருபதடி. பின்னால் யாராவது வந்தால் போர்டை விட்டுக் குதிக்காதீர்கள். இன்னொன்று: நின்றுகொண்டிருப்பதால் அலையை மற்றவர்களைவிட முன்னாலேயே பார்ப்பீர்கள், வெளியிலேயே பிடித்தும் விடுவீர்கள். எல்லா அலையையும் நீங்களே எடுத்தால் படுத்துக் காத்திருக்கும் சர்ஃபர்கள் வெறுக்காமல் என்ன செய்வார்கள்? ஒன்று எடுத்தால் இரண்டு விடுங்கள். கூட்டம் அதிகமென்றால் நூறு மீட்டர் தள்ளிப் போங்கள்.

காலையில் மீன்பிடிப் படகுகள் கரையேறும் நேரமும் அதுதான். ஃபைபர் படகு அலையின் மேல் வேகமாக வரும், உங்களுக்காக அதனால் நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. வழியை விட்டு விலகுங்கள். கரைவலை இழுக்கிறார்கள் என்றால் கயிற்றுக்கும் மிதவைக்கும் நடுவே போகவே கூடாது. இறங்குமுன் கரையில் இருக்கிற அண்ணன் ஒருவரிடம் “இன்னைக்கு நீரோட்டம் எப்படிண்ணா?” என்று கேளுங்கள். கைபேசிச் செயலி சொல்லாததை அவர் சொல்வார்.

கரையேறுவது

நம் கரையில் பல இடங்களில் கடைசி அலை மணல்மேலேயே மடேரென்று உடையும். அதன்மேல் நின்றபடி வந்து இறங்கும் ஆசை வேண்டாம். போர்டின் அடியில் இருக்கும் துடுப்புபோன்ற ஃபின் மணலில் குத்தினால் போர்டு நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். இடுப்பளவு ஆழத்திலேயே முட்டி போட்டு, கடல் பக்கமாக இறங்குங்கள். பெரிய அலை போனபின் வரும் இடைவெளிக்குக் காத்திருந்து, போர்டை உங்களுக்குக் கரைப்பக்கம் வைத்துத் தள்ளிக்கொண்டு வாருங்கள். அலைக்கும் உங்களுக்கும் நடுவில் போர்டு வந்தால் அது முட்டியில் வந்து மோதும். துடுப்பைக் கையோடு வைத்திருங்கள், போர்டின் மேல் போட்டால் அடுத்த நுரை எடுத்துக்கொண்டு போய்விடும். காய்ந்த மணலுக்கு வந்த பிறகு லீஷைக் கழற்றுங்கள், அதற்கு முன் வேண்டாம்.